கிரைண்டருக்குப் பின்னால் கிடந்த புத்தகம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பாதி வருமானம் மனு அடித்துக் கொடுப்பதில்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்கே ஆள் வந்து நிற்கும். “பக்கத்து வூட்டுக்காரன் வேலியத் தள்ளி நட்டுட்டான் சார், கேட்டா அடிக்க வர்றான்” என்பார் ஒருவர். நான் “மேற்படி நபர் எனக்குச் சொந்தமான இடத்தை ஆக்கிரமித்ததோடு, அதுகுறித்துக் கேட்ட என்னைத் தாக்கவும் முற்பட்டார்” என்று அடிப்பேன். வாசித்துக் காட்டினால் அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “நான் சொன்னதுதானா சார் இது?” என்று கேட்பார். பதினான்கு வருஷமாக இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. என் மகள் கேட்டதும் இதே கேள்விதான் என்று புரிய மட்டும் ரொம்ப நாள் ஆனது.

அவளுக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. ஒரு புத்தகக் கண்காட்சியில் 12 படக்கதைப் புத்தகங்கள் வாங்கினேன், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு. நான் சின்னப் பையனாக இருந்தபோது, என்.எல்.சி. நடத்தும் நெய்வேலிக் கண்காட்சிக்கு அப்பா பஸ்ஸில் கூட்டிப்போவார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரே ஒரு புத்தகம் வாங்கித் தருவார். அந்தக் குறையை என் பெண்ணை வைத்துத் தீர்த்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அடுக்கினேன். ராத்திரி எட்டு மணியானால் ஒன்றை எடுத்து, அவளை மடியில் உட்காரவைத்து, வரிக்கு வரி விரல் வைப்பேன். “இது என்ன எழுத்து? சரி, இது? நேத்துதானே சொன்னேன்?”

பத்து நாள் போயிருக்கும். புத்தகத்தைக் காணோம். வீடு பூராவும் தேடினோம். இரண்டு நாள் கழித்து மாவு அரைக்கப் போன என் மனைவி அதை கிரைண்டருக்குப் பின்னால் இருந்து எடுத்தாள். அட்டையில் இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. யார் வைத்தது என்று கேட்டால், “பூனை” என்றாள் மகள். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வீட்டுக்கு வரும், உண்மைதான். ஆனால் அது மீனைத் தவிர வேறெதையும் தூக்காது.

எனக்கு ஒரே கோபம். என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏன்டா, அதுக்குச் சோறு ஊட்டுறப்ப ஒவ்வொரு பருக்கையாக் காட்டி இது என்ன அரிசி, இது என்ன அரிசின்னு கேப்பியா?”

விரலை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் கதை நேரத்தில் எழுத்துக் கேள்வி கேட்பதில்லை. எழுத்து சொல்லித்தருவது வேறு வேலை, அதற்கு வேறு நேரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு அரைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. ஆனால் விரலை எடுத்த பிறகும் அவள் இரண்டாம் பக்கத்திலேயே நழுவி ஆயாவிடம் ஓடிவிடுவாள். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்: மரப்பொந்தில் அணில் ஒன்று வசித்து வந்தது என்று வருகிறது.

“வசித்துன்னா என்னாப்பா?”

“இருந்துச்சு.”

“அப்ப இருந்துச்சுன்னே போட வேண்டியதுதானே?”

மனு கொடுக்க வந்தவர் கேட்கும் அதே கேள்வி. எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த தமிழ் ஒன்று, புத்தகத்தில் அச்சாகியிருப்பது வேறொன்று. 247 எழுத்தையும் கரைத்துக் குடித்தாலும் ‘வசித்து வந்தது’ அவளுக்குப் புதுப் பாஷைதான். சென்றான், கூறினார், உண்டது, அருகே, ஆயினும், இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் வீட்டில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். புத்தகம் பேசுவதே அவளுக்குப் புரியவில்லை. நாள் முழுக்கப் பேச்சுத் தமிழைக் கடுதாசித் தமிழாக மாற்றிக் காசு வாங்குகிறவன் நான். வீட்டில் அதைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி அதே புத்தகத்தை எடுத்து, வாக்கியத்தைக் கண்ணால் பார்த்து வாயால் வேறு மாதிரி சொன்னேன். “ஒரு பெரிய ஆலமரம் இருந்துச்சாம். அதுல ஒரு ஓட்ட. அந்த ஓட்டக்குள்ள யாரு இருந்தா தெரியுமா?” அவள் ஓடவில்லை. படத்தில் அணிலின் வால் தெரிவதை அவளே கண்டுபிடித்தாள். புத்தகத்தை முடித்ததும், “இன்னொருவாட்டி” என்றாள். வாங்கி இரண்டு மாதத்தில் முதல் முறையாக.

பிறகு மெள்ள ஒரு முறை பிடிபட்டது. முதல் இரண்டு மூன்று நாள் முழுக்க வீட்டுத் தமிழ். கதை பழகியதும் ஒன்றிரண்டு புத்தகச் சொல்லை அப்படியே விடுவேன்: “அணில் அங்க வசித்து வந்துச்சாம்.” அவள் நிறுத்திக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் விட்டுவிடுவேன். ஒரு வாரம் கழித்து அச்சில் உள்ளதை உள்ளபடி வாசிப்பேன். அதற்குள் கதை அவளுக்கு மனப்பாடம். என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதால் தெரியாத சொல் தானாக இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: அலுப்பு நமக்குத்தான். அணில் கதையை நான் நாற்பது தடவைக்குக் குறையாமல் வாசித்திருப்பேன். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். “காக்கா வர்றது எங்கே?” என்று என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

மூன்று மாதத்தில் வேடிக்கை ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆயாவைப் பார்த்து, “ஆயா, நீ சோறு உண்டாயா?” என்று கேட்டாள். “ஏன்டி, பாரதக் கூத்துல வேஷம் கட்டினவன் மாதிரி பேசுற?” என்றார் ஆயா. ஆனாலும் பதில் சொன்னார்: “உண்டேன், உண்டேன்.”

ஆயா வாசிக்கத் தெரியாதவர். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார் அவர்தான். அவர் கதை சொன்னால் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ‘ம்’ வராவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது, அல்லது மனசு வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ‘ம்’ நின்றால் புத்தகத்தை மூடிவிடுவேன், பாதி வரியில் இருந்தாலும் சரி. முடித்தே தீர வேண்டும் என்று இழுத்துப் பிடித்து வாசித்த நாட்களில்தான் அழுகை வந்தது.

கண்ணாடி அலமாரியையும் காலி செய்தேன். காய்கறி மார்க்கெட்டில் அடுக்குவார்களே, அந்தப் பிளாஸ்டிக் டிரே ஒன்றை வாங்கித் தரையில் வைத்து, அட்டை வெளியே தெரியும்படி புத்தகங்களை நிறுத்தினேன். நூலகத் துறையின் தந்தை என்று பாடத்தில் படித்தோமே எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. நான் அதைப் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளை படிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தரைக்கு வந்த புத்தகங்களில் மூன்றை இரண்டு வயதுச் சின்னவன் கிழித்தான். செல்லோ டேப் போட்டு ஒட்டினோம். கிழிகிற புத்தகம்தான் கையில் இருக்கிற புத்தகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவனுக்கென்று அட்டைப் புத்தகம் இரண்டு வாங்கிப் போட்டதும் சேதாரம் குறைந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கடலூரில் இருப்பவர்களுக்குப் புயல் புதிதில்லை, 2011 தானேயைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த முறை மழை நின்ற பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, கரண்ட் மட்டும் போனது. முதல் நாளே என் போன் செத்தது. அந்த நாட்களில் எமர்ஜென்சி லைட்டைச் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்தோம், 12 புத்தகத்தையும் ஒரு சுற்று வாசித்தோம். அப்போது ஒன்று உறைத்தது. தினமும் எட்டு மணிக்கு நான் அவளுக்கு வாசித்த நேரத்தில்கூட என் போன் தொடைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. வாட்ஸ்அப் சத்தம் வரும்போதெல்லாம் ‘ஒரு நிமிஷம் பாப்பா’ என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை ஒரு நிமிஷம்! கரண்ட் வந்த பிறகு எட்டிலிருந்து எட்டரை வரை போனைக் கடைப் பையிலேயே போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் போனே காட்டாதே என்று எனக்கு நிறையப் பேர் உபதேசம் செய்திருக்கிறார்கள். உன் போனைத் தள்ளி வை என்று யாரும் சொன்னதில்லை.

புத்தகத்துக்குக் காசு வேண்டுமே என்றால், கொஞ்சம்தான் வேண்டும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். பதிவிறக்கி அச்சடித்துக்கொள்ள அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போட்டுக் கொடு என்று கடைக்கு வருகிறவர்களிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை போடுகிறேன். இங்கே சண்டை கிடையாது. கடையில் ஒருபக்கம் வீணான தாள் எப்போதும் கிடக்கும். அதன் மறுபக்கத்தில் அச்சடித்து ஸ்டேப்ளர் போட்டால் புத்தகம். பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளி. அவனுக்கு வாசிப்பு இயக்கத்தில் மெல்லிய சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறார்கள், நுழை, நட, ஓடு, பற என்று நிலை போட்டு. அதில் இரண்டு மூன்று எங்கள் டிரேவுக்கும் வந்து போகும். மாவட்ட மைய நூலகத்துக்கும் போகிறோம், மாதம் ஒருமுறை. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோமே, அதற்காகவாவது போகலாம்.

சன்மானம் கொடுத்தும் பார்த்தேன், மறைப்பானேன். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு சாக்லேட். இரண்டு நிமிஷத்தில் பக்கங்களைச் சரசரவென்று புரட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். நாலாம் நாள் நிறுத்திவிட்டேன்.

அவளைத் தானாக வாசிக்க வைத்தது கடையில் வாங்கின புத்தகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை, ஆயா கழுவி வைத்த மத்தி மீனில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. ராத்திரி வரை அவளுக்கு அதே பேச்சு. மறுநாள் கடைக்கு வந்தபோது, “நீ சொல்லு, நான் அடிக்கிறேன்” என்றேன், மனுவுக்குச் சொல்வதுபோலவே. அவள் சொல்லச் சொல்ல, பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்தில் அடித்தேன்.

ஆயா மத்தி கழுவுனாங்க.
பூனை வந்துச்சு.
ஒரு மீன தூக்கினு போச்சு.
ஆயா விளக்குமாத்த தூக்கினு ஓடுனாங்க.
பூனைக்கு காலு நாலு. ஆயாவுக்கு ரெண்டு.

கடைசி வரி அவளுடையதேதான். கீழே படம் அவளே போட்டாள். பூனையைவிட மத்தி பெரிது. அன்றைக்கு அந்த ஐந்து தாளையும் கடைக்கு வந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். முதலில் மனப்பாடமாக ஒப்பித்தாள். அப்புறம் ‘பூனை’ என்ற சொல் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தாள். ‘தூக்கினு’ இரண்டு தடவை வருவதையும். அவள் வாயில் வந்த சொல் என்பதால் ஊகிக்க வேண்டியதே இல்லை, எழுத்தைப் பார்த்துச் சரிபார்த்தால் போதும். இப்படி இதுவரை பதினேழு புத்தகம் போட்டிருக்கிறோம்.

இதற்கு ஆட்சேபம் வராமல் இல்லை. கடைக்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ‘தூக்கினு போச்சு’வைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பிழையான தமிழை அச்சில் பார்த்தால் அதுவே சரி என்று பதிந்துவிடாதா தம்பி?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் கடுதாசித் தமிழில் சோறு தின்கிறவன்தானே. எனக்கே ‘தூக்கினு’ என்று அடிக்கக் கை கூசத்தான் செய்தது. அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அவரே வழி சொன்னார்: கதை எழுதுகிறவர்கள் செய்வதுபோல, ஆள் பேசுவதைப் பேச்சிலேயே விடு, மற்றதைப் புத்தகத் தமிழில் எழுது. ஏழாவது புத்தகத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம். ‘பூனை ஓடியது. ஆயா, “அட எடுபட்ட பூனையே” என்று கத்தினார்.’ அவளும் ஒத்துக்கொண்டாள். பழைய ஆறைத் திருத்தவில்லை. அவற்றைத் தொட அவள் விடவில்லை.

எழுத்தைப் பற்றி ஒன்று. ‘கெ’ வாசிக்கும்போது அவள் எப்போதும் தடுமாறுவாள். “கொம்பு முதல்ல இருக்கு, ஆனா ஏன் அதை அப்புறமா சொல்றோம்?” என்று கேட்டாள். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன். பழைய தட்டச்சில் கொம்பைத்தான் முதலில் தட்ட வேண்டும், பிறகுதான் க. அவள் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது தமிழ்99 விசைப்பலகை. அதில் முதலில் க, பிறகு எ. தட்டியதும் கொம்பு தானாகப் போய் முன்னால் நிற்கும். வாய் சொல்கிற வரிசையும் விரல் தட்டுகிற வரிசையும் ஒன்று. அதைக் காட்டினேன். க, எ. க, ஒ. ம, ஐ. ஒவ்வொரு தடவையும் கொம்பு குதித்து முன்னால் வருவதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. ‘கொம்பு குதிக்கிது’ என்று அதற்குப் பேர் வைத்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனில் தமிழ்99 விசைப்பலகை போட்டுக் காட்டலாம். போனுக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

பஸ்ஸும் ஒரு பள்ளிக்கூடம்தான். அக்கா வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். மாதம் ஒருமுறை போவோம். ஜன்னல் சீட்டில் அவள், கடைப் போர்டுகளின் கீழே இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் த, வ, ள, க் என்று கூட்டி முடித்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி, “தவளைக்கு ஒரு குப்பமாப்பா?” என்று கத்தினாள். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “ஆமாங் கண்ணு, மழ பேஞ்சா வந்து பாரு” என்றார். அதற்கப்புறம் அரியாங்குப்பம் வந்தது. அதில் ‘குப்பம்’ வந்ததும் அவள் எழுத்துக் கூட்டவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குப்பம் எண்ணுவது விளையாட்டாகிவிட்டது: மஞ்சக்குப்பம், சின்ன கங்கணாங்குப்பம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். பிறகு பாக்கம்: கிருமாம்பாக்கம், முருங்கப்பாக்கம். ஒரு சொல்லை எழுத்து எழுத்தாக இல்லாமல் முழுசாகப் பார்ப்பது எப்படி என்று நான் வகுப்பெடுத்தால் அவளுக்குப் புரிந்திருக்காது. குப்பமும் பாக்கமும் சொல்லிக்கொடுத்துவிட்டன.

பாண்டிக்குள் வந்தால் இன்னொரு கேள்வி: நம்ம ஊரில் எல்லாம் ‘தெரு’ என்று போட்டிருக்கிறார்களே, இங்கே ஏன் ‘வீதி’? அதுவும் ஒரு புத்தகச் சொல் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், “இந்த ஊர்ல புத்தகம் மாதிரிதான் பேசுவாங்களா?” என்றாள். ரங்கப்பிள்ளை வீதியில் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு முன்னால் நின்று, 1827-இல் தொடங்கினது என்று சொன்னேன். “ஆயா பொறக்கறதுக்கு முன்னாடியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

இப்போது ஒன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். பள்ளிப் பாடம் வாசிக்கச் சொன்னால் இன்றைக்கும் முனகல்தான். வாங்கின பன்னிரண்டில் நல்ல பழக்கங்களைப் பற்றியது ஒன்று உண்டு. அதை இன்னும் யாரும் முழுசாக வாசித்தது கிடையாது, சின்னவன் அதன்மேல் கார் ஓட்டுகிறான்.

போன வாரம் கடையை மூடிவிட்டு வரும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. டிரேவுக்குப் பக்கத்தில் பாயில் இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். அணில் புத்தகம் அவள் கையில். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அச்சில் இருக்கிற வரி எனக்கு மனப்பாடம், ‘வசித்து வந்தது’ என்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தம்பிக்குச் சொல்கிறாள்: “ஒரு பெரிய ஓட்ட. அதுக்குள்ள யாரு இருந்தா தெரியுமா? ம் சொல்லு. ம் சொன்னாதான் சொல்லுவேன்.”

“ம்” என்றான் அவன்.